சுவர்ப்பந்தாட்டச் சொற்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் அதனைச் செய்வோரிடையே வழங்கும் தனிச்சொற்கள் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கினர் என நம் இலக்கண உரையாசிரியர் காட்டுவர். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளுக்கு ஒரு குறியிட்டு வழங்கும் இத்தகைய சொல்லைக் குழூஉக்குறி என்பது மரபு. தொழிலுக்கு உள்ளவாறே விளையாட்டிற்கும் குழூஉக்குறி உண்டு. பல்லாங்குழியில் நான்கு காய்கள் ஒரு குழியிற் சேர்ந்தால் அதனைப் 'பசு' என்கின்றோம். அவ்வாட்டம் அறியாத ஒருவன் அங்கு வந்து நின்று, "பசு கிடைத்தது" என்ற சொல்லைக் கேட்பானாயின், பசுவைத் தேடி வாயிலை நோக்குவான் அன்றோ?

ஆட்டத்தை அறிதற்கு முதற்படி அதன் சொற்களை அறிதலே. இவ்வுண்மையை விளக்குதற்கு ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்தாட்டம் மிகவும் ஏற்றது. பெரும்பாலான பந்தாட்டங்களில் எதிரிகள் இருவரும் வலைக்கு அப்பாலும் இப்பாலும் நிற்பர். இவ்வாட்டத்திலோ இருவரும் ஒரே அறைக்குள் அருகருகே நின்று, ஒரே சுவரை நோக்கிப் பந்தை அடிப்பர். இருவர் கையிலும் மட்டை உண்டு. இருவர் நடுவிலும் விரைந்து செல்லும் பந்து உண்டு. இந்நிலையில் ஒரு சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் வேறு பொருளிலும் கொள்வாராயின், பூசலும் விளையும், காயமும் விளையும். ஆதலின் இவ்வாட்டத்தின் சொற்கள் வேலிபோல் நின்று ஆடுவோர் இருவரையும் காக்கின்றன.

ஆட்டத்தின் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 'ஸ்குவாஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நசுக்குதல், நசுங்குதல் என்பது பொருள். இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் பிளீட் என்னும் சிறைச்சாலை இருந்தது. கடன் தீர்க்க இயலாது அங்கு அடைபட்டோர், பொழுது போக்குதற்பொருட்டுச் சிறையின் சுவர்மீது பந்தடித்து ஆடினர். அவ்வாட்டம் 'ராக்கெட்ஸ்' எனப்பட்டது. அதன் பந்து கடினமானது. சிறையிற் பிறந்த அவ்வாட்டம் பின்னர்ப் பெருங்குடிப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலும் புகுந்தது. இலண்டனுக்கு அணித்தாகிய ஹாரோ பள்ளியின் மாணவர், ஏறத்தாழ 1830-ஆம் ஆண்டளவில், துளைபட்ட பந்தொன்று சுவரில் மோதும்போது நசுங்கி, மெல்லென மீள்வதைக் கண்டனர். கடினப் பந்தினும் இம்மென்பந்து ஆட்டத்திற்குப் பல்வேறு வகைகளைத் தந்தது. ஓடியாடி எடுக்கும் உழைப்பையும் மிகுவித்தது. நசுங்கும் பந்தினால் ஆடப்பட்டமையின் ஆட்டத்திற்கு 'ஸ்குவாஷ்' என்னும் பெயர் அமைந்தது. ஆகவே இது காரணப்பெயர் என்பது தெளிவு. 1860-களில் ஹாரோ பள்ளியில் இதற்கெனவே களங்கள் கட்டப்பட்டன.

இனி ஆடுகளத்தைக் காண்போம். இருவர் ஆடும் களம் 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உடைய ஓர் அறை. நாற்புறமும் சுவர் உண்டு. முன்சுவரே ஆட்டத்திற்கு உயிர். அதில் மூன்று எல்லைகள் உள்ளன. தரையிலிருந்து 4.57 மீட்டர் உயரத்தில் இருப்பது மேலெல்லைக் கோடு. இக்கோடு பக்கச்சுவர்களின் வழியே சாய்வாக இறங்கி, பின்சுவரில் 2.13 மீட்டர் உயரத்தில் முடிகின்றது. பந்து இக்கோட்டின்மீதோ அதற்கு மேலோ பட்டால் 'அவுட்' என்பர். எல்லை கடந்தது என்பது அதன் பொருள். 1.78 மீட்டர் உயரத்தில் 'சர்வீஸ் லைன்' எனப்படும் தொடக்கக்கோடு உள்ளது. ஆட்டத்தைத் தொடங்கும் முதலடி மட்டும் இதற்கு மேலே படுதல் வேண்டும். இவ்விரண்டிற்கும் கீழே, தரையை ஒட்டி இருப்பது 'டின்'.

டின் என்பது தகரம். முன்சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தகட்டாலாகிய பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தொழில்முறை ஆட்டங்களில் இதன் உயரம் 43 சென்டிமீட்டர். பிற ஆட்டங்களில் வலை செய்யும் பணியை இங்கே இத்தகடு செய்கின்றது. பந்து இதன்மேற் பட்டால் அடித்தவர் அப்புள்ளியை இழப்பர். சுவரிலேயே ஒரு கோட்டை இழுத்துவிட்டாற் போதாதோ என்று நீங்கள் வினவலாம். விரைந்து செல்லும் சிறுபந்து கோட்டிற்கு ஒரு விரற்கடை மேலே பட்டதா, கீழே பட்டதா என்பதைக் கண்ணாற் காண்டல் அரிது. தகட்டிலே பட்டாலோ ஓசை எழும். கண் ஐயுறும் இடத்தில் காது தீர்ப்பு வழங்குகின்றது. இங்ஙனம் டின்னிற் பட்ட பந்தை 'டவுன்' என்று அறிவிப்பர்.

தரையிலும் கோடுகள் உள்ளன. அறையின் நடுப்பகுதியில் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறுபக்கச்சுவர்வரை குறுக்கே செல்வது 'ஷார்ட் லைன்'. அதன் நடுவிலிருந்து பின்சுவரை நோக்கிச் செல்லும் மற்றொரு கோடு, களத்தின் பின்பகுதியை இரு கூறாக்குகின்றது. இவ்விரு கோடுகளும் கூடும் இடம் ஆங்கில எழுத்தாகிய 'டி' போன்று தோன்றுதலின் அவ்விடத்தை 'டி' என்றே வழங்குவர். வடிவு பற்றி வந்த பெயர் இது. களத்தின் எம்மூலைக்கும் இங்கிருந்து சில அடிகளிற் செல்லலாம். ஆதலின் பந்தை அடித்தவுடன் ஒவ்வோர் ஆட்டக்காரரும் 'டி'க்கு மீள முயல்வர். "டியைக் கைக்கொண்டார்" என்று ஒருவரைப் பாராட்டினால், ஆட்டத்தின் போக்கே அவர் வயப்பட்டது என்று கொள்ளுதல் வேண்டும். ஷார்ட் லைனை ஒட்டி இருபக்கமும் 1.6 மீட்டர் அளவுள்ள சதுரக் கட்டங்கள் உள்ளன. முதலடி அடிப்பவர் நிற்கும் இடம் இது. 'சர்வீஸ் பாக்ஸ்' என்பது இதன் பெயர்.

பந்து உள்ளீடற்ற ரப்பர்ப் பந்து. அதன் குறுக்களவு 40 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 24 கிராம். குளிர்ந்த நிலையில் இது நன்கு துள்ளாது. அடிக்க அடிக்க ரப்பர் நசுங்கி விரிதலால் வெப்பம் தோன்றும். உள்ளிருக்கும் காற்றும் சூடேறி அதன் அழுத்தம் மிகும். பின்னரே பந்து துள்ளும். ஆதலால் ஆட்டத்திற்கு முன் இருவரும் பந்தைச் சிறிது நேரம் அடித்துச் சூடாக்குவர். பந்தின்மேல் நிறப்புள்ளிகள் காணப்படும். மஞ்சட்புள்ளி இரண்டு இருந்தால் அது மிக மெதுவாகத் துள்ளும் பந்து. தேர்ந்தோர் ஆடும் போட்டிகளுக்கு உரியது. மஞ்சட்புள்ளி ஒன்றுடைய பந்து அதனினும் சற்றே மிகுதியாகத் துள்ளும். புதிதாகக் கற்போர் இரட்டைப்புள்ளிப் பந்தை எடுத்து, அது துள்ளவில்லையே என்று வருந்துதல் உண்டு. புள்ளியின் பொருளை அறிந்தோர்க்கு அவ்வருத்தம் இல்லை.

ஆட்டம் தொடங்கும் முறையாவது: மட்டையைச் சுழலவிட்டு, முதலடி யாருக்கு என்று முடிவு செய்வர். முதலடிக்குச் 'சர்வீஸ்' என்று பெயர். அடிப்பவர் ஒரு காலையேனும் சர்வீஸ் பாக்ஸினுள் தரையில் ஊன்றி நிற்றல் வேண்டும். அவர் அடித்த பந்து முன்சுவரில் தொடக்கக்கோட்டிற்கும் மேலெல்லைக்கும் இடையே பட்டு, எதிர்ப்பக்கத்துப் பின்காற்பகுதியில் வந்து விழுதல் வேண்டும். எதிரி விரும்பினால் அது தரையில் விழுமுன்னரே அடிக்கலாம். பின்னர் இருவரும் மாறிமாறி அடிப்பர். அங்ஙனம் தொடரும் அடிகளின் வரிசைக்கு 'ராலி' என்று பெயர். பந்து தரையில் இரண்டாம் முறை படுமுன் அதனை எடுத்தல் வேண்டும். அடித்த பந்து பக்கச்சுவரிலோ பின்சுவரிலோ படலாம். ஆனால் தரையைத் தொடாமல் முன்சுவரை அடைந்தே தீரவேண்டும். இரண்டாம் முறை தரையிற் பட்டபின் எடுத்த அடியை 'நாட் அப்' என்பர். அவுட், டவுன், நாட் அப் என்னும் மூன்று சொற்களும் ராலி முடிந்தது என்பதையும், அது முடிந்த காரணத்தையும் ஒருங்கே உணர்த்துவன.

அடிகளின் பெயர்கள் பல. அவற்றுள் இன்றியமையாதவற்றை அறிந்தாற் போதும். பக்கச்சுவரை ஒட்டி நேராகச் சென்று களத்தின் பின்மூலையில் விழும் அடி 'டிரைவ்'. அது சுவரோடு சுவராகச் செல்லுமாயின் எதிரியின் மட்டை அதனைத் தொடுதற்கே இடர்ப்படும். ஒரு பக்கத்திலிருந்து முன்சுவரிற் பட்டு மறுபக்கத்திற்குச் செல்வது 'கிராஸ் கோர்ட்'. டின்னிற்குச் சற்று மேலே மெல்லப் பட்டு, முன்பகுதியிலேயே அடங்கிவிடும் அடி 'டிராப்'. முன்சுவரின் உச்சியிற் பட்டு, எதிரியின் தலைக்கு மேலாக வளைந்து சென்று, பின்மூலையில் இறங்குவது 'லாப்'. தளர்ந்து நின்றவர் மூச்சு வாங்கிக்கொள்ளவும் இது உதவும். பந்து தரையிற் படுமுன் அடிப்பது 'வாலி'. முன்சுவரை நேரே நோக்காது, முதலிற் பக்கச்சுவரில் அடித்து, அங்கிருந்து பந்தை முன்சுவருக்குத் திருப்புவது 'போஸ்ட்'. பின்மூலையில் அகப்பட்டு நேராக அடிக்க வழியற்றவர்க்குப் பெரும்பாலும் இவ்வடியே கைகொடுக்கும்.

'நிக்' என்பது மற்றொரு சொல். சுவரும் தரையும் கூடும் மூட்டினை இச்சொல் குறிக்கும். பந்து சரியாக அம்மூட்டிற் பட்டால் எழும்பாது தரையிலே உருண்டோடும். எத்துணை விரைந்தோடி வருபவரும் அதனை எடுத்தல் இயலாது. நூலளவு மேலே பட்டாலோ பந்து துள்ளி வந்து எதிரிக்கு எளிதாகிவிடும். எனவே நிக்கைக் குறிவைத்தல் ஆற்றலும் துணிவும் ஒருங்கே வேண்டும் செயலாம்.

புள்ளிகளை எண்ணும் முறையிலும் சில சொற்கள் உள. ஆட்டத் தொடக்கத்தில் 'லவ் ஆல்' என்பர். இருவர்க்கும் புள்ளி இல்லை என்பதே இதன் பொருள். இங்கு 'லவ்' என்பது சுழியம். முற்காலத்தில் முதலடி அடிப்பவர் மட்டுமே புள்ளி பெறக்கூடும். எதிரி ராலியை வென்றால் முதலடி உரிமையை மட்டும் பெறுவர். ஒன்பது புள்ளி எடுத்தவர் ஓர் ஆட்டத்தை வென்றவராவர். இன்று ராலியை வென்றவர் எவராயினும் அவர்க்கு ஒரு புள்ளி உண்டு; பதினொரு புள்ளி எடுத்தவர் வெல்வர். உலகச் சுவர்ப்பந்துக் கூட்டமைப்பு 2009-ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்றது. இருவரும் பத்துப் பத்துப் புள்ளியில் நிற்பின், ஒருவர் இரண்டு புள்ளி முந்தும்வரை ஆட்டம் தொடரும். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவர் போட்டியை வென்றவர். முதலடி உரிமை கைமாறும்போது 'ஹேண்ட் அவுட்' என்று அறிவிப்பர். புள்ளியைச் சொல்லும்போது முதலடி அடிப்பவரின் புள்ளியையே முதலிற் சொல்வர்.

இதுவரை கூறியவை எளியவை. இவ்வாட்டத்தின் உயிர்நிலையான சொற்கள் மூன்று. அவை 'லெட்', 'ஸ்ட்ரோக்', 'நோ லெட்' என்பன. இவற்றைப் பிழையின்றி உணர்ந்தவரே சுவர்ப்பந்தாட்டத்தை உணர்ந்தவராவர்.

ஆங்கிலத்தில் 'லெட்' என்பதற்கு இக்காலத்தில் 'விடு' என்று பொருள் கொள்கின்றோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதே வடிவில் வேறொரு சொல் இருந்தது. அதன் பொருள் 'தடை'. ஒன்றற்கொன்று மாறுபட்ட பொருளுடைய இரு சொற்கள் காலப்போக்கில் ஒரே வடிவம் எய்தின. கடவுச்சீட்டில், இதனை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுக என்று அச்சிட்டுள்ள ஆங்கில வேண்டுகோளில் இப்பழஞ்சொல் இன்றும் வாழ்கின்றது. ஆட்டத்தில் வழங்கும் 'லெட்' இத்தடைப் பொருளதே. தடை நேர்ந்தமையின் அந்த ராலி கணக்கில் இல்லை; மீண்டும் ஆடுக என்பது கருத்து.

தடை என்பது யாது? பந்தை அடித்தவர் உடனே விலகி, எதிரிக்கு நான்கு உரிமைகளைத் தருதல் வேண்டும் என்பது விதி. பந்தைத் தெளிவாகக் காணும் உரிமை ஒன்று. பந்தை நோக்கி நேரே செல்லும் உரிமை மற்றொன்று. மட்டையைப் போதிய அளவு வீசும் உரிமை மூன்றாவது. முன்சுவரின் எப்பகுதிக்கும் பந்தை அடிக்கும் உரிமை நான்காவது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது தடையே. தடைப்பட்டவர் ஆட்டத்தை நிறுத்தி 'லெட்' வேண்டுவர். நடுவர் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை வழங்குவர்.

எடுத்துக்காட்டாக, வளவன், மாறன் என்னும் இருவர் ஆடுவதாகக் கொள்வோம். வளவன் சுவரையொட்டி ஒரு டிரைவ் அடித்து விலக முயல்கின்றான். பந்தை நோக்கி ஓடிவரும் மாறன் அவன்மேல் மோத நேர்கின்றது. வளவன் விலகத் தன்னால் ஆனமட்டும் முயன்றான். மாறனும் பந்தை எடுத்திருக்கக் கூடும். இங்கே குற்றம் எவர்பாலும் இல்லை. ஆதலின் 'லெட்', மீண்டும் ஆடுதல் வேண்டும்.

மற்றொரு முறை வளவன் அடித்த பந்து தவறி நடுக்களத்திற்கே வந்துவிடுகின்றது. மாறன் பந்தருகே மட்டையை ஓங்கி நிற்கின்றான். வளவனோ மாறனுக்கும் முன்சுவருக்கும் நடுவே நிற்கின்றான். மாறன் அடித்தால் பந்து வளவன் முதுகிற் படும். அவன் ஓங்கிய கையை நிறுத்திக்கொள்கின்றான். இப்பொழுது தீர்ப்பு 'ஸ்ட்ரோக்'. புள்ளி மாறனுக்கே உரியது. தடை நேராதிருப்பின் வெல்லும் அடியை அடித்திருக்கக் கூடியவர்க்கும், எதிரி விலக முயலாமையால் தடைப்பட்டவர்க்கும் இத்தீர்ப்புக் கிடைக்கும்.

மூன்றாம் முறை வளவன் முன்பகுதியில் மெல்லிய டிராப் ஒன்றை அடிக்கின்றான். மாறன் பின்சுவரருகே நிற்கின்றான். ஓடினாலும் பந்தை எட்ட இயலாது. ஆயினும் வளவன் வழியில் நின்றான் என்று கூறி 'லெட்' வேண்டுகின்றான். நடுவர் 'நோ லெட்' என்பர். எட்டாத பந்திற்குத் தடையும் இல்லை. எனவே புள்ளி வளவனுக்கே.

மாணவர்களே! இம்மூன்றனுள் இரண்டாவதனைச் சற்று ஆழ்ந்து எண்ணுக. மாறன் அடிக்கவில்லை, ஆயினும் புள்ளி பெற்றான். அடிக்காமைக்குப் புள்ளி தரும் விதி எத்துணை அருமையானது! எதிரியின் உடம்பைக் காத்தவன் தன் வெற்றியை இழத்தல் கூடாது என்பதே இதன் உட்கருத்து. இவ்விதி இல்லையெனின், புள்ளியை விரும்புவோன் எதிரியின் முதுகென்றும் முகமென்றும் பாராது அடிப்பான். நாற்பது மில்லிமீட்டர்ப் பந்து கண்குழியினுள் புகுந்து தாக்கத்தக்க அளவுடையது. அதனால் கண்ணுக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும். அக்காரணம் பற்றியே உலகக் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளிலும் இரட்டையர் போட்டிகளிலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கண்ணாடி புறக்காவல், 'ஸ்ட்ரோக்' என்னும் சொல் அகக்காவல். இச்சொல்லின் பொருளறியாதவன், "அடித்தாலன்றோ புள்ளி" என்று எண்ணி மட்டையை வீசுவான். பொருளறிந்தவன் கையை நிறுத்துவான். ஒரு சொல்லை அறிதலும் அறியாமையும் மற்றொருவன் கண்ணைக் காத்தலும் கெடுத்தலும் ஆகும் எனின், சொல்லறிவைச் சிறிதென்று எண்ணலாமோ?

பெரும்போட்டிகளில் தீர்ப்புக்கூற நடுவர் இருப்பர். பள்ளிகளிலும் பயிற்சிக் களங்களிலும் ஆடுவோரே நடுவர். பந்து இரண்டாம் முறை தரையைத் தொட்டதா, இல்லையா என்பது பலகால் எடுத்தவனுக்கு மட்டுமே தெரியும். அப்போது 'நாட் அப்' என்று தன்னைத் தானே அறிவிப்பவனே நல்ல ஆட்டக்காரன். எதிரி அறியாத பிழையையும் மறையாது சொல்லும் பழக்கம் அங்கே வேரூன்றுகின்றது.

இவ்வாட்டத்தாற் புகழெய்தியோர் பலர். ஆங்கிலேயர் படையினரோடு இது இந்தியத் துணைக்கண்டத்திற்கு வந்தது. பெசாவர் நகரத்தை அடுத்த நவாகிலி என்னும் சிற்றூரிற் பிறந்த ஹாஷிம் கான், இளமையில் வெறுங்காலோடு ஆடிப் பழகி, 1951-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1958-ஆம் ஆண்டிற்குள் ஏழுமுறை அதனை அடைந்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த ஜஹாங்கீர் கான் 1982 முதல் 1991 வரை பத்தாண்டுகள் இடையறாது அப்பட்டத்தைத் தமதாக்கினார். ஆஸ்திரேலிய நாட்டு ஹெதர் மெக்கே என்னும் அம்மையார் 1962 முதல் 1977 வரை பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து மகளிர் பட்டத்தை வென்றார். மலேசியாவின் நிக்கோல் டேவிட் எண்முறை உலகப்பட்டம் பெற்றார். சென்னையில் வளர்ந்த ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் ஆகிய இருவரும் 2014-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் மகளிர் இரட்டையர் தங்கப்பதக்கம் வென்று நம் நாட்டிற்குப் பெருமை சேர்த்தனர். 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இவ்வாட்டத்தையும் சேர்ப்பது என்று 2023-ஆம் ஆண்டில் மும்பையில் கூடிய அனைத்துநாட்டு ஒலிம்பிக் குழுவினர் முடிவு செய்தனர்.

பெசாவரிற் பிறந்தவரும் பினாங்கிற் பிறந்தவரும் சென்னையில் வளர்ந்தவரும் வெவ்வேறு மொழி பேசுவோர். ஆயினும் ஒரே களத்தில் நின்று 'லெட்' என்றும் 'ஸ்ட்ரோக்' என்றும் கேட்டால் அனைவரும் ஒரே பொருளை உணர்வர். முன்னாளில் குழூஉக்குறி ஒரு கூட்டத்தாரைப் பிறரினின்றும் பிரித்து வைத்தது. ஆட்டத்தின் குழூஉக்குறியோ அயலாரை ஒரு கூட்டமாக்குகின்றது. ஆதலின், நீவிர் எவ்வாட்டத்தைக் கற்கப் புகுந்தாலும் மட்டையைக் கையிலெடுக்குமுன் அதன் சொற்களை நெஞ்சிலே கொள்ளுங்கள். சொல்லின் பொருளை உணர்ந்து ஆடுபவரிடத்தே பூசல் இல்லை. அவரோடு ஆடுவோர்க்கு அச்சமும் இல்லை.